விசாரணை அறையில் அப்பாவின் குரல்

காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை நாள், தள்ளித் தள்ளிப் போடப்பட்டு, ஒருவழியாக விடிந்தே விட்டது. பெய்வதா ஓய்வதா என்று தீர்மானிக்க இயலாத வானம், சாம்பல் நிறத்தில் கூரைகளின்மேல் கவிந்து கிடந்தது.

இன்றுதான் நம்மோடு வந்து சேர்ந்துகொள்வோர்க்காகச் சிறு விளக்கம் ஒன்று கூறுதல் நலம். மூத்தவள், அறுவை மருத்துவக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்துபவள். அவளுடைய தம்பி எலும்பு மருத்துவன். அவர்களின் தந்தையோ, நகரத்து நெடிய கட்டடங்களின் லிஃப்டுகளையெல்லாம் வாழ்நாள் முழுவதும் பழுது பார்த்து ஓய்ந்தவர். அத்தகைய மனிதர் தம் வீட்டின் படிக்கட்டிலேயே கால் தவறி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார்.

முறிந்த எலும்பு அசையாதிருக்க, தோலின் வழியே எலும்பில் ஊசிகளைச் செலுத்தி, அவ்வூசிகளைக் காலுக்கு வெளியே செல்லும் கம்பி ஒன்றோடு பிணைப்பார்கள். பிணைக்கும் கருவிக்குப் பட்டறையில் கிளாம்ப் என்று பெயர். வழக்கமான கிளாம்பில் ஊசிக்கு ஒரு போல்ட், கம்பிக்கு ஒரு போல்ட். இரண்டாவதை முறுக்கும்போது முதலாவது நழுவும். அரும்பாடுபட்டு நேராக நிறுத்திய எலும்பு மீண்டும் மயிரிழை கோணும்.

மூத்தவள் செய்த கிளாம்பிலோ ஒரே போல்ட்தான். அதனுள்ளே இருக்கும், நடுவில் வெட்டுப்பட்ட சிறு வளையம், ஊசியையும் கம்பியையும் ஒருசேரக் கவ்விக்கொள்ளும்.

மருத்துவமனைக் குழுவின் ஒப்புதலோடு, அந்தக் கிளாம்ப் முதன்முதலில் ஏறியது அப்பாவின் காலில். கால் குணமாயிற்று, கம்பிகளும் கழன்றன. காப்புரிமைக்கு விண்ணப்பித்ததோ அதற்கெல்லாம் பின்னர். பெரிய தொழிற்சாலை ஒன்று, காப்புரிமை கிடைத்தால் அக்கருவியை மூத்தவளின் மேற்பார்வையிலேயே செய்து ஊர்தோறும் அனுப்புவதாக வாக்களித்திருந்தது. கிடைக்காவிட்டால், அதே தொழிற்சாலை அதே கருவியை அவள் இல்லாமலேயே செய்துகொள்ளும், கேட்பார் இல்லை.

இதனால் அன்று காலை அவளுக்கு ஒரு வாய் உணவும் இறங்கவில்லை.

"நானும் வரேனே" என்றார் அப்பா, நாற்காலியில் இருந்தபடியே காலை நீட்டி. "என் காலக் காட்டச் சொல்லுவாங்க இல்ல?"

"காலெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா. காகிதந்தான் கேப்பாங்க."

"காகிதத்துல என்னம்மா தெரியும்? இங்க பாரு தழும்ப. வரிசையா பொத்தான் தச்ச மாதிரி இருக்கு. இத விடவா ஒரு அத்தாட்சி?"

"நீங்க வீட்டுலயே இருங்க. படிக்கட்டுப் பக்கம் போயிடாதீங்க."

"போகல. நீ ஒரு லிஃப்ட் வச்சுக் குடு, அதுல ஏறி இறங்கிக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் கேலிகளுக்குச் சிரிக்கும் வழக்கத்தை அவள் எப்போதோ கைவிட்டிருந்தாள். வீட்டுக்கு வருவோரிடமெல்லாம், "பையன் டாக்டர்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்பவர், அவள் முறை வரும்போது, "பெரியவ ஏதோ பட்டறை வச்சிருக்கா" என்று பேச்சை முடித்துக்கொள்வார். அந்த 'ஏதோ' என்னும் சொல், கழற்ற முடியாத துருப்பிடித்த ஆணிபோல அவளுக்குள் நெடுங்காலமாகத் தங்கியிருந்தது.

*

அலுவலகத்தின் இரண்டாம் தளத்து நடைக்கூடத்தில், தம்பி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தான். அவனருகே, கோப்புகளை மார்போடு அணைத்தவாறு வக்கீலம்மா நின்றார்.

"ஒரு சின்ன விஷயம்" என்றார் வக்கீலம்மா. சின்ன விஷயம் என்று அவர் தொடங்கும் எதுவும் சின்னதாக முடிந்ததில்லை. "நமக்கு எதிரா ஆபீஸ்ல புதுசா ஒரு ஆதாரம் சேத்திருக்காங்க. காலையிலதான் எனக்கு வந்துச்சு. ஏதோ வீடியோவாம். வர வழியில போன்ல திறக்கப் பாத்தேன், சுத்திக்கிட்டே இருக்கு."

"யாரோட வீடியோ?" என்றாள் மூத்தவள்.

"உங்க தம்பி வேல பாக்கற ஆஸ்பத்திரி பேரு போட்டிருக்கு."

தம்பியின் முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுந்ததை அவள் கண்டாள். என்னவென்று கேட்பதற்குள் கதவு திறந்து, உள்ளே வருமாறு அழைத்துவிட்டார்கள்.

விசாரணை அறை சிறியது. நீள மேசையின் ஓரப்பட்டை பெயர்ந்து, யாரோ அதை நாடாவால் ஒட்டியிருந்தார்கள். மேசைக்கு அப்பால் சக்கரம் வைத்த தாங்கியில் ஒரு திரை. அதனருகே அமர்ந்திருந்த, விண்ணப்பத்தை ஆராய்ந்து முடிவு சொல்லும் பரிசோதகர், குரலை உயர்த்தாதவர். உயர்த்த வேண்டிய தேவையும் இல்லாதவர்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அயல்நாட்டுப் பழைய காப்புரிமை ஒன்றை எடுத்துவைத்து, இதுவும் அதுவும் ஒன்றல்லவா என்று அவர் வினவினார். வக்கீலம்மா படத்தின்மேல் விரல் வைத்து, "அதுல வளையம் முழு வளையம், சார். எங்களோடதுல வெட்டு இருக்கு. அந்த வெட்டுனாலதான் ஒரே போல்ட் போதும்" என்றார்.

பரிசோதகர் நெடுநேரம் படத்தையே நோக்கினார். பின்னர், "சரி. அத ஏத்துக்கறேன்" என்றார்.

மூத்தவளின் நெஞ்சில் ஒரு சிறு விளக்கு ஏற்றப்பட்டாற்போல் இருந்தது. பட்டறையில் அவள் இதுவரை செய்ததெல்லாம் பிறர் வரைந்த கருவிகள்; பிறர் பெயர் பொறித்த கருவிகள். இவ்வொன்றுதான் அவளுடையது.

"அடுத்து, இது" என்று கூறிப் பரிசோதகர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

மருத்துவமனையின் சிறு கூடம். குணமடைந்தோர் தத்தம் அனுபவத்தைச் சொல்லும் கூட்டம். மேடையில், கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, ஒலிவாங்கியை லிஃப்டின் பழுதான உறுப்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, அப்பா நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் லிஃப்ட் மெக்கானிக்கு. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேர் பண்ணினா, எது கெட்டுச்சு, எத மாத்தினோம்னு வீட்டுக்காரருக்குக் கழட்டிக் காட்டாம நாங்க கூலி வாங்க மாட்டோம். இப்ப ரிப்பேர் ஆனவனே நான்தான். அதனால என் கால்ல இருந்தத உங்களுக்குக் கழட்டிக் காட்டப் போறேன்."

கூடத்தில் சிரிப்பொலி எழுந்தது. அப்பா சட்டைப்பையிலிருந்து கிளாம்பை எடுத்தார். நினைவாக வைத்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்டு வாங்கிய கிளாம்ப். அதை அவளே துடைத்துக் கொடுத்திருந்தாள்.

"உள்ள பாருங்க. ஒரு வளையம். நடுவுல ஒரு வெட்டு. இந்த ஒரு போல்ட்ட இறுக்கினா, ஊசி, கம்பி ரெண்டையும் ஒண்ணா கவ்விக்கும். அவ்ளோதான் சூட்சுமம்."

புதியது இன்னதென்று உரிமை கோரும் முதற் கோரிக்கையாக விண்ணப்பத்தில் முக்கால் பக்கத்துக்கு நீண்டிருந்த வாக்கியத்தை, அவர் ஒரே மூச்சில், பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்லி முடித்துவிட்டார். வக்கீலம்மாவின் பேனா மேசைமேல் மெல்லப் படுத்துக்கொண்டது.

ஆயின் அதன் விபரீதத்தை மூத்தவள் இன்னும் உணரவில்லை. ஏனெனில் அப்பா அதோடு நிறுத்தவில்லை.

"வெட்டினது, தச்சது எல்லாம் டாக்டருங்க. என் பையனும் கூட இருந்தான். அது அவங்க படிச்ச படிப்பு, செஞ்சுதான் ஆகணும். ஆனா இத நெனச்சுக் கண்டுபிடிச்சது என் பொண்ணு. பெரியவ. காலமெல்லாம் நட்டு போல்ட்டோட குடித்தனம் நடத்தினவன் நான். எனக்குத் தோணல. அவளுக்குத் தோணிச்சு." அவர் சற்று நிறுத்தி, ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், இரகசியம் போலச் சொன்னார்: "இத அவகிட்ட யாரும் சொல்லிடாதீங்க. தலைக்கு ஏறிடும்."

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியவனின் பின்னந்தலை திரையில் நன்றாகத் தெரிந்தது. அது தம்பியின் தலை.

பரிசோதகர் பதிவை நிறுத்தினார்.

"இவர் உங்களுக்கு?"

"அப்பா" என்றாள்.

"ஆஸ்பத்திரி இத அவங்க வெப்சைட்ல போட்டது, நீங்க அப்ளிகேஷன் போடறதுக்கு முந்தி. யாரு வேணா பாத்திருக்கலாம். முந்தியே வெளிய வந்துட்டா அது புதுசு இல்லன்னு ஆயிடும். எங்க சட்டம் அவ்ளோதாம்மா கேக்கும். காட்டினது அப்பாவா, அந்நியரான்னு கேக்காது." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா படம் அவ்வளவு தெளிவா இல்ல. அதனால செஞ்ச உங்களையே கேக்கறேன். அவர் கையில இருக்கறது இதேதானா? இல்ல, இதுக்கு முந்தின மாடலா?"

வக்கீலம்மா எழுந்தார். "சார், கொஞ்சம் வெளிய போய் பேசிட்டு வரோம்."

*

நடைக்கூடத்தின் கோடியில், குடிநீர் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. வக்கீலம்மா அவர்களை அங்கே நிறுத்திவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசறது என் காதுல விழக்கூடாது. நான் அந்த ஜன்னல்கிட்ட இருக்கேன்" என்று சொல்லிச் சென்றார்.

"முந்தின மாடல்னு சொல்லிடுக்கா" என்றான் தம்பி.

"முந்தின மாடல்ல வெட்டே இல்லையேடா. அவரு வெட்டுன்னு வாயாலயே சொல்றாரு."

"வயசானவரு, ஏதோ சொல்லிட்டாருன்னு சொல்லு. புரியாமப் பேசினாருன்னு சொல்லு. யாரு போய்க் கேக்கப் போறாங்க?"

"புரியாமலா?" அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ உட்பட எத்தன டாக்டருங்களுக்கு எத்தன தடவ விளக்கியிருப்பேன். அது என்னன்னு சரியா புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளு அவருதான்டா."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"முன்வரிசையில இருந்து கை தட்டியிருக்கியே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? டாக்டருங்க கூட்டம்னா எல்லாரும் எதையாவது காட்டுவாங்க. காட்டறது நல்லதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இது கழுத்துக்கு வரும்னு எனக்குத் தெரியுமா? அவரப் பேசச் சொன்னதே நான்தான்."

"அத விடு. அவரு என்னப் பத்திப் பேசினத ஏன் சொல்லல?"

அவன் குடிநீர் இயந்திரத்தின் குழாயைத் திறந்தான். குவளை வைக்க மறந்துபோனான். தண்ணீர் தட்டில் சிந்தியது.

"சொல்லாதீங்கன்னு அவரே சொன்னாரே" என்றான். பிறகு, தாழ்ந்த குரலில், "'என் பையனும் கூட இருந்தான்.' அவ்ளோதான் நான். ராத்திரி பகலா அந்தக் காலப் பாத்துக்கிட்டவன். அத வந்து நானே உங்கிட்ட ஒப்பிக்கணுமாக்கா?" என்றான்.

நெடுநாள் தன்னுள்ளே மட்டும் உறுத்துவதாக எண்ணியிருந்த ஆணி, அதே வீட்டில் இன்னொருவர் நெஞ்சிலும் இருந்திருக்கிறது என்பது அவளுக்குப் புதிய செய்தி. அதற்கு மருந்து தேடும் நேரம் அதுவன்று.

"ஒரு வார்த்தக்கா. 'முந்தினது.' அவ்ளோ போதும். உன் வாழ்க்கையே மாறிடும்."

ஒரு சொல்தான். ஆயின், அப்பா கையில் பிடித்து உயர்த்திக் காட்டியது தன்னுடையதன்று என்று சொல்லும் சொல் அது. பிறந்தது முதல் செவிகுளிரக் கேட்டிராத ஒன்றை இன்றுதான் கேட்டாள். கேட்ட மறு கணமே அதைப் பொய்யாக்க வேண்டும்.

அவள் கதவை நோக்கி நடந்தாள்.

*

"அதேதான் சார்" என்றாள். "நான் செஞ்சதுதான். இந்தப் படத்துல இருக்கற அதே வளையம்."

தம்பி கண்களை மூடிக்கொண்டான். பரிசோதகர் அதைக் குறித்துக்கொண்டார்.

"அப்போ முதல் கோரிக்கை நிக்காதும்மா. வருத்தமாத்தான் இருக்கு. நல்ல வேல."

நல்ல வேலை! வீடு கேட்டுப் போனவரிடம், வாசற்படி அழகாயிருக்கிறது என்று சொல்லி அனுப்புவது போலிருந்தது அது.

வக்கீலம்மா அவ்வளவு எளிதில் விடுபவர் அல்லர். "சார், நாலாவது கோரிக்கையப் பாருங்க. வளையத்தோட உள்பக்கத்துல சாய்வா சின்னச் சின்னப் பல்லு வெட்டியிருக்கு. ஊசி திரும்பாம இருக்கறதுக்கு. அது இந்த வீடியோல தெரியுதா?"

பரிசோதகர் பதிவை மீண்டும் ஓடவிட்டார்; நிறுத்தினார்; பின்னுக்கு இழுத்தார். அப்பாவின் முகம் திறந்த வாயோடு உறைந்தது. கையில் வளையம். வளையத்தின் உட்புறத்தை அவருடைய பருத்த கட்டைவிரல் மறைத்திருந்தது.

"தெரியல" என்றார் பரிசோதகர். "அவரு வாயாலயும் சொல்லல. அப்ப, அந்தப் பல்ல மட்டும் வச்சுக் கோரிக்கையச் சுருக்கித் திருத்திக் குடுங்க, பாக்கறேன். ஆனா ஒண்ணு. வேற எங்கயாவது இது வெளிய வந்திருந்தா, தெரிஞ்சா, நீங்களே சொல்லிடணும்."

"வேற எங்கயும் இல்ல சார்" என்றார் வக்கீலம்மா.

"அத எழுத்துல குடுத்துடுங்க."

படிகளில் இறங்கும்போது தம்பி ஓசையின்றிச் சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"அவரு வாய் கெடுத்தத அவரு விரல் கொஞ்சம் காப்பாத்தியிருக்கு. பல்லு மட்டும் போதுமாக்கா, அந்தத் தொழிற்சாலைக்கு?"

"பல்லு இல்லாட்டி ஊசி கொஞ்சம் திரும்பும். வேணுங்கறவன் கேட்டு வாங்குவான்."

"வேண்டாதவன் ஓசியில செஞ்சுக்குவான். நெறையப் பேரு வேண்டாதவந்தான்."

"இருக்கறது இதுதான்டா. வீட்டுக்கு வா. அவரு காத்துக்கிட்டு இருப்பாரு."

"நான் வரல. வந்தா என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியாது. நீயே சொல்லு. இல்ல, சொல்லாம விடு. உன் இஷ்டம்." அவன் தெருவைக் கடந்து, திரும்பிப் பாராமல் நடந்தான். மழை, தன் தயக்கத்தை விடுத்து, இப்போது பெய்யத் தொடங்கியிருந்தது.

*

வீட்டு வாசலில் அழைப்புமணியை அழுத்தினாள், ஒலிக்கவில்லை. கதவைத் தட்டினாள்.

"திறந்துதான் இருக்கு!" என்றது உள்ளிருந்து குரல். "பெல்லு இழுத்து இழுத்து அடிச்சுது. கழட்டிட்டேன்."

அப்பாவின் முன்னே, விரித்த துணியின்மீது, மணியின் உறுப்புகள் எல்லாம் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அவர் தலை நிமிர்ந்தார்.

"என்ன ஆச்சு பெரியவளே? குடுத்துட்டாங்களா?"

"முழுசா இல்லப்பா."

"அப்ப பாதியா? அதுல பாதின்னு கூட உண்டா?"

"பாதியும் இல்ல. கொஞ்சம்."

"ஏன்? என்ன கொற கண்டாங்க அதுல?" அவர் குரலில் சினம் ஏறியது. "கொண்டு வரச் சொல்லு அந்த ஆள. என் காலக் காட்டறேன்."

ஈரக் கூந்தலோடு அவள் அவரெதிரே அமர்ந்தாள். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றும், அவர் முகத்தைக் கண்டதும் உதிர்ந்தன. உங்களால்தான் போயிற்று என்பதை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் அது அவர் தலையிலேயே சென்று முடிந்தது.

"ஆஸ்பத்திரியில நீங்க பேசினீங்களே" என்றாள். "அந்த வீடியோவ அங்க போட்டுக் காட்டினாங்க."

அவர் கை நின்றது. முகத்தில் முதலில் வியப்பு. அடுத்து, அவரிடம் அவள் கண்டேயிராத ஒரு வெட்கம். அவர் குனிந்து, மணியின் சிறு சுருளொன்றை எடுத்து, தேவையின்றித் துடைத்தார்.

"அதப் போய் உனக்குக் காட்டிட்டாங்களா?"

"ம்."

"தலைக்கு ஏறிடுச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"ஏறாது. உன் தலை உங்கம்மா தலை மாதிரி. எதையும் உள்ள விடாது." சற்றுப் பொறுத்து, "எப்படிப் பேசியிருந்தேன்?" என்றார்.

உண்மையைச் சொல்வதானால் அதுவே தருணம். அன்று காலையில் ஒரு முறை சொல்லியாயிற்று. அதற்குரிய விலையும் கொடுத்தாயிற்று. இன்னொரு முறை சொல்லும் வலிமை அவளிடம் மிஞ்சியிருக்கவில்லை.

"நல்லா பேசியிருந்தீங்க."

"என்னத்த நல்லா!" அவர் முகம் மலர்ந்தது. "அன்னிக்கு அங்க வெளிச்சமே இல்ல. வளையத்த ஒழுங்கா காட்டவே முடியல. உள்ள இருக்கற பல்லுதானே அதுல முக்கியமான வேல? அது ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு மனசே ஆறல. அதான் அடுத்த தடவ ஜன்னல் ஓரமா நின்னு, ஒவ்வொரு பல்லா காட்டினேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த தடவையா?"

"எங்க மெக்கானிக் சங்கத்துலதான். பழைய ஆளுங்க எல்லாம் வந்திருந்தாங்க. ஒருத்தன் படம் புடிச்சு எல்லாருக்கும் அனுப்பி விட்டான்."

"எப்போப்பா அது?"

"நீங்க ரெண்டு பேரும் நல்ல வக்கீலாத் தேடி அலைஞ்சுக்கிட்டு இருந்தீங்களே, அப்போ." அவர் சட்டைப்பையைத் தடவிக் கைப்பேசியை எடுத்தார். "இங்கதான் வச்சிருக்கேன். பாக்கறியா? அந்த ஆஸ்பத்திரிப் பேச்செல்லாம் ஒண்ணுமே இல்ல. உன்னப் பத்தி இதுலதான் நல்லா சொல்லியிருக்கேன்."

அவள் மடியிலிருந்த கைப்பேசியில் வக்கீலம்மாவின் செய்தி வந்து விழுந்தது. 'வேறெங்கும் வெளிவரவில்லை' என்னும் உறுதிமொழியைத் தட்டச்சு செய்துவிட்டாராம். காலையில் வந்து கையெழுத்திட்டால் போதுமாம்.

பார்க்காதிருந்தால், அது ஒரு முதியவர் சொன்ன வெறும் பேச்சு. பார்த்துவிட்டால், அறிந்தது ஆகிவிடும்.

அப்பா, கண்களில் ஆவல் மின்ன, கைப்பேசியை நீட்டியபடியே இருந்தார்.

"காட்டுங்கப்பா" என்றாள்.